ஊர்ச் சௌனாக்கள் கெட்டுப்போன குளிர்காலம்

ரீஹிவாரா,
டிசம்பர் 8

ஹெல்கா அக்காவுக்கு,

போன் பண்ணாதே. எடுக்க மாட்டேன். நேற்று நீ விட்டு விட்டு அடித்ததையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உன் குரலைக் கேட்டால் கத்துவேன், இல்லையென்றால் அழுவேன். இரண்டுக்கும் இப்போது தெம்பு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டார்கள். மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறேன். நர்ஸ் மெர்வி வாராவாரம் வந்து பார்ப்பாளாம். இதுவரைக்கும் சரி.

ஆனால் நீ செய்தது சரியில்லை. நான் உன்னிடம் சொன்னேன். உன்னிடம் மட்டும் சொன்னேன். நீ போனை வைத்த கையோடு பக்கத்து வீட்டு சிர்க்காவைக் கூப்பிட்டுவிட்டாய். சிர்க்காவுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரிதான். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? நான் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்குள் போகிறேன், ஐலா என் முகத்தைப் பார்க்காமல், "ரொட்டி புதுசு, எடுத்துக்கோ" என்கிறாள். அவள் கடையில் ரொட்டி என்றைக்குப் புதிதாக இருந்திருக்கிறது? தெருவில் ஆர்வோ தன் பனி தள்ளும் வண்டியை நிறுத்தித் தொப்பியைத் தொட்டுக் காட்டுகிறார். இருபது வருஷமாக அந்த மனிதர் யாருக்காகவும் வண்டியை நிறுத்தியதில்லை.

யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் நம் ஊரில் இருந்த ஒரே நல்ல குணம். அதையும் கெடுத்துவிட்டாய்.

மாட்டுத்தொழுவம் காலியாகக் கிடக்கிறது. அக்டோபரில் கடனுக்காக மாடுகளை விற்று லாரியில் ஏற்றி அனுப்பியதிலிருந்து நான் அந்தக் கதவைத் திறக்கவில்லை. ஆனாலும் பால் கறக்கும் நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து போவதற்குத்தான் ஒரு காரணமும் இல்லை.

நான் இல்லாதபோது நாப்பியை சிர்க்கா பார்த்துக்கொண்டாள். நாய் பன்றிக்குட்டி மாதிரி ஊதிப்போய் வந்திருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வராதே.

ரெய்யோ


துர்க்கு,
டிசம்பர் 14

தம்பி ரெய்யோ,

திட்டியாவது எழுதினாயே. கவரின் மேல் உன் கோணல் எழுத்தைப் பார்த்ததும் கட்டடத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேல்மாடிக்காரர் தாண்டிப் போனார். வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். வரவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்தது உன் பக்கம் மட்டும்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நீயாகக் கூப்பிட்டாய். நீ எப்போது நீயாகக் கூப்பிட்டிருக்கிறாய்? "நாப்பியை நீ வச்சுக்கிறியா?" என்று கேட்டாய். என் ஒண்டுக்குடித்தன மாடிவீட்டில் நாயா என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "அப்பாவோட சுவர்க்கடிகாரத்தையும் எடுத்துக்கோ. எனக்கு இனிமே வேண்டியிருக்காது" என்றாய். நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன். இவன் வீட்டை விற்கப் போகிறான், அவ்வளவுதான் என்று ஒரு மனசு சொன்னது. ரெய்யோ, அதையே நம்பிக்கொண்டு, குளிர் எப்படி என்று விசாரித்துவிட்டுப் போனை வைத்திருப்பேன். நம் வீட்டில் வளர்ந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். அடுத்தவன் மனசுக்குள் எட்டிப் பார்ப்பது நமக்குத் திருட்டு மாதிரி.

எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. "நீ சாகணும்னு நினைக்கிறியா?" என்று கேட்டுவிட்டேன். பின்னால் அப்பாவின் கடிகாரம் ஓடுவது கேட்டது. பிறகு "ஆமா" என்றாய்.

அங்கே வர எனக்கு ஒரு பகல் முழுக்க ரயில். முதலில் அவசர எண்ணுக்குத்தான் போட்டேன். ஆம்புலன்ஸ் உங்கள் ஊருக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று உனக்கே தெரியும். அதனால் சிர்க்காவைக் கூப்பிட்டேன். அவள் ஏன் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான் போய் உக்காந்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். ஏப்ரனோடு வயலில் இறங்கி ஓடியிருக்கிறாள்.

நான் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்கிறாயா? ரகசியம் காத்த அக்கா என்று உன் சவ அடக்கத்தில் பேர் வாங்க எனக்கு ஆசையில்லை. நீ உயிரோடு இருந்துகொண்டு என்னைத் திட்டு. ஆயுசுக்கும் திட்டு.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. நீ வராதே என்றதற்காக இல்லை. எனக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது.

ஹெல்கா

பி.கு.: நாப்பிக்குச் சிர்க்கா தொத்திறைச்சி போட்டிருப்பாள். கேட்டுப் பார், இல்லை என்பாள்.


ரீஹிவாரா,
டிசம்பர் 29

அக்கா,

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மறந்துவிடப் போகிறது.

அன்றைக்கு சிர்க்கா வந்து என்ன செய்தாள் என்று உனக்குத் தெரியுமா? கதவைத் தட்டவில்லை. நேரே உள்ளே வந்தாள், என் எதிரே உட்கார்ந்தாள், மூச்சு வாங்கினாள். "ஹெல்கா போன் பண்ணா. ஆம்புலன்ஸ் வருது. நான் எங்கயும் போகப் போறதில்ல. நீ பேசணும்னாலும் பேசு, வேணாம்னாலும் சரி" என்றாள். வண்டி வரும்வரை இரண்டு பேரும் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்காக அவளை நான் மன்னித்துவிட்டேன் என்று இல்லை.

இப்போது வேறு ஒரு விஷயம். கல்லைச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்க ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு சௌனா இருக்கிறதே, அவை ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகின்றன.

நான் வந்த மறுவாரம் சனிக்கிழமை சிர்க்காவும் அவள் புருஷனும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். "எங்க சௌனா அடுப்புக் கல்லெல்லாம் பொடிஞ்சுபோச்சு ரெய்யோ. புதுக் கல் எப்ப வருமோ தெரியல. சனிக்கிழமை குளிக்காம எப்படி இருக்கறது?" இந்த நாட்டில் வீடு தேடி வந்தவனுக்குச் சோறு இல்லை என்றுகூடச் சொல்லிவிடலாம், சௌனா இல்லை என்று சொல்ல முடியாது. விறகு பிளந்து, ஏரியில் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் சுமந்து, அடுப்பை மூட்டினேன். எனக்கு நெடுநாளாகக் குளிக்கவே தோன்றவில்லை. அவர்கள் உள்ளே போனதும் நான் மட்டும் வெளியே நிற்க முடியுமா? நானும் குளித்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆர்வோ வந்தார். மனைவி போனதிலிருந்து அந்த மனிதர் வருஷத்துக்கு ஏழெட்டு வார்த்தைதான் பேசுவார் என்று உனக்குத் தெரியும். "குழாய் உறைஞ்சுபோச்சு" என்றார். இந்த வருஷக் கணக்கில் கால்வாசி அதிலேயே போய்விட்டது.

வியாழக்கிழமை கடைக்கார ஐலா. அவளுடைய சௌனாப் புகைபோக்கியில் பறவை கூடு கட்டியிருக்கிறதாம்.

"டிசம்பர்ல எந்தப் பறவை கூடு கட்டுது ஐலா?"

"சோம்பேறிப் பறவை. கோடையில கட்டாம விட்டது" என்றாள், கண்ணை இமைக்காமல்.

வாரத்தில் மூன்று நாள் சௌனா மூட்டுகிறேன். மற்ற நாட்களில் அதற்கு விறகு பிளக்கிறேன். படுத்துக் கிடக்கலாம் என்றால் நேரம் வாய்க்கவில்லை. இதில் உன் கை ஏதாவது இருக்கிறதா? உண்மையைச் சொல்.

கிறிஸ்துமஸ் முன்தினம் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனோம். அம்மா அப்பாவுக்கு உன் பேரிலும் ஒன்று வைத்தேன். ஆர்வோ மட்டும், அவருக்குப் பக்கத்து வீட்டில் இருந்து இறந்துபோன கௌக்கோவின் கல்லறை முன்னால் நின்றுகொண்டே இருந்தார். எல்லோரும் போன பிறகும் நின்றார். இருவரும் உறவுக்காரர்கள்கூட இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ரெய்யோ


துர்க்கு,
ஜனவரி 7

தம்பி,

எனக்கு எதுவும் தெரியாது.

சௌனாக்கள் பழசானால் கெடத்தான் செய்யும். அம்மா காலத்திலேயே சிர்க்கா வீட்டு அடுப்பு புகையும். ஐலா வீட்டுப் பறவையைப் பற்றி நான் கருத்துச் சொல்லத் தகுதியானவள் இல்லை.

படித்துவிட்டுச் சிரித்தேன். வெகுநாள் கழித்துச் சத்தமாகச் சிரித்தேன். உன் கடிதத்தில் நீ இருந்தாய், ரெய்யோ. போன மாதக் கடிதத்தில் இல்லை.

கொஞ்ச நாளைக்கு என்னிடமிருந்து கடிதம் தாமதமாக வரும். கவலைப்பட ஒன்றுமில்லை, இங்கே சில வேலைகள். நீ நிறுத்தாமல் எழுது. சாப்பிடு. டப்பா மீனையே தின்றுகொண்டிருக்காதே.

ஹெல்கா


ரீஹிவாரா,
ஜனவரி 31

அக்கா,

பொய் சொல்ல உனக்கு வராது. சிர்க்காவுக்கும் வராது.

போன சனிக்கிழமை நாப்பியை ஓடவிட்டு இளைக்க வைக்கலாம் என்று ஏரிப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்தேன். சிர்க்கா வீட்டுச் சௌனாவின் புகைபோக்கியிலிருந்து ஜம்மென்று புகை போய்க்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்கு வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, அதற்குள் முன்குளியல். கதவைத் தட்டினேன். முகமெல்லாம் சிவந்து, தலையில் துண்டோடு வந்து நின்றாள்.

"கல்லு பொடிஞ்சுபோச்சுன்னீங்க?"

"இன்னைக்குத்தான் வந்துச்சு. சும்மா மூட்டிப் பாத்தேன்."

"அப்ப இனிமே எங்க வீட்டுக்கு வர வேண்டியதில்ல."

"வருவோம். உன் வீட்டுலதான் ஆவி நல்லா ஏறுது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். பிடிபட்ட திருடிக்கு எவ்வளவு திமிர் பார்.

எனக்குக் கோபம் வந்தது. என்னை ஊரே கூடிச் சின்னப் பிள்ளையாக நடத்துகிறது என்று. அந்தக் கோபத்தோடுதான் செவ்வாய்க்கிழமை ஆர்வோவோடு சௌனாவில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் குழாய் எப்போது உருகும் என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். இருட்டு, ஆவி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால்தான் பேசினார் என்று நினைக்கிறேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கௌக்கோ வீடு எங்க வீட்டு ஜன்னல்லருந்து தெரியும். ஒருநாள் புகைபோக்கியில புகை வரல. திரையும் விலகல. பாத்தேன். மறுநாளும் பாத்தேன். தனியா இருக்கணும்னு நினைக்கிறான் போல, நாம ஏன் தொந்தரவு பண்ணணும்னு இருந்துட்டேன். எங்கப்பா சொல்லிக்கொடுத்தது, கூப்பிடாம அடுத்தவன் வாசல்ல போய் நிக்காதேன்னு. அதுதான் மரியாதைன்னு நினைச்சேன்."

தண்ணீரை அள்ளிக் கல்லில் ஊற்றினார்.

"நான் மட்டும் இல்ல. சிர்க்காவும் பாத்திருக்கா. ஐலாவும், ஏன் இவன் கடைக்கு வரலன்னு யோசிச்சிருக்கா. எல்லாரும் மரியாதையா இருந்தோம். அப்புறம் அவனைத் தூக்கிட்டுப் போனப்போ எல்லாரும் மரியாதையா நின்னோம்."

கௌக்கோ இறந்தபோது நமக்கெல்லாம் மாரடைப்பு என்றுதான் சொன்னார்கள், இல்லையா? ஊர் அதைக்கூட மரியாதையாக மறைத்து வைத்திருந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "உங்க குழாய் உறையல, இல்ல?"

"இல்ல" என்றார். "நல்லாத்தான் ஓடுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆர்வோ சிரித்து நான் பார்த்ததில்லை, அன்றும் இருட்டில் பார்க்க முடியவில்லை, கேட்டேன்.

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர்கள் என்மேல் இரக்கப்பட்டு வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. அவர்களுக்கும் பயம். இன்னொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவர்களால் முடியாது.

சரி. இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். சிர்க்கா வாய் தவறி உளறிவிட்டாள். இடுப்பு எலும்பை மாற்றி வைத்திருக்கிறார்களாமே உனக்கு? கோலூன்றித் தனியாக அந்த மாடிவீட்டில் கிடக்கிறாயாமே? என் விஷயத்தை ஊருக்கே சொல்லத் தெரிந்த உனக்கு, உன் விஷயத்தைச் சொந்தத் தம்பிக்குச் சொல்லத் தெரியவில்லை. "சில வேலைகள்" என்று எழுதுகிறாய். தலையில் குட்ட வேண்டும் போலிருக்கிறது. துர்க்கு தூரமாக இருப்பதால் தப்பித்தாய்.

தப்பித்துவிட்டதாக நினைக்காதே.

ரெய்யோ


துர்க்கு,
பிப்ரவரி 19

அட பாவி,

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்?

போன வாரம் கதவு தட்டுகிறது. கோலை ஊன்றிப் போய்த் திறப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கீழ்வீட்டுத் திருமதி லின்ட்குவிஸ்ட் நிற்கிறார், கையில் ஒரு பெரிய பாத்திரம் சால்மன் சூப். இந்தக் கட்டடத்துக்கு வந்த நாளிலிருந்து லிஃப்டில் தலையசைத்துக்கொள்வதோடு சரி, அவர் குரல் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

"உங்க தம்பி போன் பண்ணார். ரொம்ப நேரம் பேசிட்டிருந்தார்" என்றார்.

"என் தம்பியா?"

"ஆமா, ரொம்பக் கலகலப்பான மனுஷர்."

வீடு மாறி வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். நான் கூப்பிட்டால் போனை எடுக்காதவன், கட்டடக் காவல்காரரிடம் எண் வாங்கி, முன்பின் தெரியாதவரிடம் என் இடுப்பைப் பற்றிக் கலகலப்பாகப் பேசியிருக்கிறாய். அதோடு விட்டாயா? அடுத்த நாள் மேல்மாடிக்காரர் என் குப்பையை எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறார். எதிர்வீட்டுப் பெண் என் துணிகளைத் துவைக்கும் அறைக்குக் கொண்டு போகிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உனக்கு ஒரு நெடுங்கடிதம் எழுத உட்கார்ந்தேன், ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாயே என்று. முதல் வரியை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். உன் டிசம்பர் கடிதம் மாதிரியே இருந்தது. பேனாவை வைத்துவிட்டு சூப்பைக் குடித்தேன். குடித்துக்கொண்டே அழுதேன். உப்பு ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

தனியாகத்தான் இருந்தேன், ரெய்யோ. ஆபரேஷனுக்கு முந்தின நாள் பையை எடுத்து வைத்துவிட்டு, யாரிடம் சாவியைக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். உனக்குச் சொன்னால் பாரமாகும் என்று நினைத்தேன். நீயும் நவம்பரில் அதையேதான் நினைத்திருப்பாய்.

பிடிபட்டுவிட்டதால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது சிர்க்கா என்னிடம், வந்ததும் அவனுக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். ஒன்றும் சொல்லாதே என்றேன். புத்தி சொன்னால் வெளியே துரத்துவான். எதையாவது கேள். அவனிடம் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டான், கொடுப்பதற்காகவாவது எழுந்திருப்பான். அவ்வளவுதான் என் பங்கு. சௌனா என் யோசனை இல்லை.

ஊர்ப் பொதுவீட்டில் கூட்டம் போட்டிருக்கிறார்கள். நர்ஸ் மெர்வியை வரவழைத்திருக்கிறார்கள். அவள் உன்னைப் பற்றி எதுவும் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பொதுவாக, இப்படி ஒருவர் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று சொல்லியிருக்கிறாள். சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆபத்தாகத் தெரிந்தால் தனியாக விடக்கூடாது. தாங்களே டாக்டராகிவிடாமல் உதவியைக் கூப்பிட வேண்டும். பிறகும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டாளாம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லையாம். எல்லோரும் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்களாம். போயும் போயும் இந்த ஊரில் வந்து பேசினோமே என்று மெர்விக்கு அழுகை வந்துவிட்டதாம்.

ஆனால் வெளியே போகும்போது ஒவ்வொருவராக ஐலா அருகே வந்து, சத்தமில்லாமல் ஒரு கிழமையைச் சொல்லிவிட்டுப் போனார்களாம். "எங்க சௌனா சனிக்கிழமை கெட்டுப்போகும்" என்று சிர்க்கா. "செவ்வாய்" என்று ஆர்வோ.

இனி நீ என்னைத் திட்டலாம்.

ஹெல்கா


ரீஹிவாரா,
மார்ச் 20

அக்கா,

திட்டப் போவதில்லை. அந்தக் கூட்டத்தை நினைத்து நினைத்து விறகுக் கொட்டகையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நாப்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

சிர்க்காவின் புருஷனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவள் வந்து, மாடு கறக்க ஆளில்லை என்றாள். இனி இவர்களை நம்ப நான் என்ன முட்டாளா? நேரே வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மனிதர் நிஜமாகவே தரையில் வில்லாக வளைந்து கிடந்தார். ஒரு தரம் தட்டிப் பார்த்தேன், அலறினார். சரி, உண்மைதான் என்று தொழுவத்துக்குப் போனேன்.

உள்ளே காலெடுத்து வைக்கப் பயமாக இருந்தது. என் மாடுகள் போன பிறகு அந்த வாசனை பக்கத்தில் நான் போகவில்லை. ஒரு கிடேரி திரும்பி என் சட்டைக் கையை நக்கியது. பிறகு ஒன்றும் யோசிக்கவில்லை, வேலை இருந்தது. அவர் எழுந்து நடமாடும்வரை காலை மாலை இரண்டு வேளையும் நான்தான் போனேன். இப்போது வேறு பண்ணைகளிலும், உடம்பு முடியாதவர்களுக்கும் விடுமுறைக்குப் போகிறவர்களுக்கும் பதிலாகக் கறக்க வருகிறாயா என்று கேட்கிறார்கள். அடுத்தவர் மாடு, அடுத்தவர் கடன், அடுத்தவர் கவலை. எனக்குக் கறவை மட்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். ஒத்துக்கொள்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

நீ போன் பண்ணலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

உன் திருமதி லின்ட்குவிஸ்டுக்கு என் வணக்கத்தைச் சொல்.

ரெய்யோ


துர்க்கு,
மே 2

ரெய்யோ,

போன ஞாயிறு போனில் நீ மொத்தம் பேசியது "ம்". அதற்கு நீ கடிதமே எழுதலாம். எழுத்தில்தான் உனக்கு வாய் இருக்கிறது.

நான் கோலை விட்டுவிட்டேன். நேற்று ஆற்றங்கரை வரை நடந்தேன், திருமதி லின்ட்குவிஸ்ட் கூடவே. அவர் பெயர் குன்வர். இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் பெயர் தெரியாமல் இருந்திருக்கிறேன் பார். வியாழக்கிழமைகளில் என் வீட்டில் சீட்டாடுகிறோம். அவர் ஏமாற்றுகிறார்.

ஜூனில் நடுக்கோடை விழாவுக்கு அங்கே வரப் போகிறேன். வராதே என்று எழுதினாலும் வருவேன், டிக்கெட் வாங்கிவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க நினைத்து இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். அன்று போனில் கேட்டதைத்தான். நீ சிரிக்கிறாய், வேலைக்குப் போகிறாய், நன்றாக இருக்கிறாய். நன்றாக இருக்கும்போது கேட்டு எதையாவது கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கெடாது என்று மெர்வி சொன்னதை நானே உனக்கு எழுதினேன். ஆனாலும் கை வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

ஹெல்கா


ரீஹிவாரா,
மே 24

அக்கா,

நீ எழுதாமல் விட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். பதறாமல் கடைசிவரை படி. நான் நன்றாக இருக்கிறேன், அடுக்களை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஆர்வோ சோபாவில் குறட்டை விடுகிறார்.

போன சனிக்கிழமை சிர்க்கா மாடுகளை மேய்ச்சலுக்கு அவிழ்த்து விட்டாள். ஊரே வேலியோரம் நின்றது. ஐலா பான்கேக் சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். சின்ன வயதில் நாம் பார்த்ததுதான், குளிர்காலம் முழுக்க உள்ளே கிடந்த மாடுகள் கதவு திறந்ததும் வாசலில் திகைத்து நிற்கும், பிறகு ஒன்று வெளியே கால் வைக்கும், அப்புறம் எல்லாம் கன்றுக்குட்டிகளாகிவிடும். மடி குலுங்க, வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளுகின்றன. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது வந்தது. என் மாடுகளை நினைத்தேன் என்று சொல்லலாம், போன வருஷம் என் வேலிக்குள் என் மைரிக்கிப் பசு இப்படித்தான் குதித்தது. ஆனால் துக்கமாகக்கூட இல்லை. நான் இல்லாவிட்டாலும் இதெல்லாம் இப்படியேதான் நடக்கும், போய்விடலாம் என்று ஓர் அமைதி. அந்த அமைதியை எனக்குத் தெரியும். நவம்பரில் உன்னைக் கூப்பிட்டபோது அதுதான் என்னோடு இருந்தது.

தொப்பியைச் சரிசெய்துகொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினேன். ஒருவரும் கவனிக்கவில்லை, எல்லோரும் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நான் அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டுதானே நின்றேன். ஆர்வோ என் பக்கத்தில் நின்று பான்கேக் தின்றுகொண்டிருந்தார். நாலடி போயிருப்பேன். திரும்பி வந்தேன்.

"ஆர்வோ, அந்த நினைப்பு திரும்ப வந்திருக்கு" என்றேன்.

அவர் தட்டை வேலிக்கம்பத்தின் மேல் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாகணும்னா?"

"ஆமா."

"இப்பவா?"

"இப்ப இங்கதான், பக்கத்துல நிக்குது."

"சரி" என்றார். "நானும் நிக்கறேன்."

நின்றார். நின்றுகொண்டே கையை உயர்த்தி சிர்க்காவைக் கூப்பிட்டார். அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை, மாடுகளை ஐலாவிடம் விட்டுவிட்டு வந்துவிட்டாள். ஐலாவுக்கு மாட்டைக் கண்டால் பயம், அது வேறு கதை. மெர்விக்குப் போன் போட்டார்கள். அவள் என்னோடு பேசினாள், அன்றே டாக்டரிடம் கொண்டுபோகச் சொன்னாள், சிர்க்கா வண்டி ஓட்டினாள். மருந்தை மாற்றியிருக்கிறார்கள். மறுபடி ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருக்கவில்லை, ஆனால் இப்போதைக்குத் தனியாக இருக்கக்கூடாது என்றார்கள். அதனால்தான் ஆர்வோ சோபாவில். அவருக்குச் சோபா சின்னது, கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நாப்பி அந்தக் கால்மேல் தலை வைத்துத் தூங்குகிறது.

இன்று மனசு லேசாக இருக்கிறது. காலையில் இரண்டு பண்ணைகளுக்குக் கறக்கப் போனேன், ஆர்வோ பாலைச் சிந்தி உதவி செய்தார். அது ஒரேயடியாகப் போய்விட்டது என்று உனக்கு எழுத மாட்டேன். வந்தால் வரும். வந்தால் என்ன செய்வேன் என்பதுதான் எனக்கு இப்போது தெரிகிறது, நவம்பரில் தெரியவில்லை.

நீ சிர்க்காவைக் கூப்பிட்டது சரிதான். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

ஜூனில் வா. ஆர்வோ ரயில் நிலையத்துக்கு வண்டி கொண்டு வருவார். வழியில் ஒன்றும் பேச மாட்டார், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வந்ததும் நீயும் கேள். கடிதத்தில் கை வராவிட்டால் நேரில் கேள், எப்போது வேண்டுமானாலும் கேள், எதுவும் கெட்டுவிடாது.

அன்று நீ கேட்டாய், அதனால் சொன்னேன். இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை, அக்கா. நானே சொன்னேன்.

உன் தம்பி
ரெய்யோ